தலைக்கு ரத்தம் போகும் வழி

அன்புள்ள மகனே,

'நலம், நலமறிய அவா' என்று எழுதிப் பழகிய கை இன்று முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. நான் நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி. கெட்ட செய்தியைக் கடைசிப் பத்தியில் ஒளித்துவைக்கும் வழக்கம் எங்கள் பத்திரிகைத் தொழிலில் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன், நடமாடுகிறேன், இதை என் வலது கையால்தான் எழுதுகிறேன். ஆனால் உனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தேன். கழுத்தில் ஊசி குத்தி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒரு குறை தெரிந்தது. என்றாவது ஒரு நாள் என் பேச்சும் இந்தக் கையும் போய்விடலாம். நாளைக்கே போகலாம், பத்து ஆண்டுகள் போகாமலும் இருக்கலாம். அவை இருக்கும்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

ஏன் தந்தி கொடுக்கவில்லை என்று நீ கோபப்படுவாய். உன்னைச் சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டு வந்த அடுத்த வாரம் இது தொடங்கியது. அப்போது நீ நடுக்கடலில் இருந்தாய். கப்பலுக்குத் தந்தி கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். கொடுத்தால் நீ இறங்கிய துறைமுகத்திலேயே திரும்பும் கப்பலைத் தேடுவாய் என்பதும் தெரியும். அதோடு, நீ அறிந்ததுதான், எனக்கு என்னைப் பற்றி எழுத வராது. யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது உன்னையும் அம்மாவையும் திருச்சிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் இந்த சாந்தோம் வீட்டில் இருந்தேன். தெருவில் நாய்களும் நானும்தான். வாரம் தவறாமல் எழுதினேன். கடற்கரையில் தோண்டிய பள்ளங்கள், அரிசி கிடைக்கும் கடைகள், மூடிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் எழுதினேன். ஊர் திரும்பியதும் நீ அம்மாவிடம், "அப்பா லெட்டர்ல ஊர் பூரா இருக்கு, அப்பாதான் இல்ல" என்றாய். அடுத்த அறையில் இருந்த எனக்கு அது கேட்டது. அன்று நான் வெளியே வந்து ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். இன்று அம்மாவும் இல்லை, அந்தப் பதிலை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு அருகே ஒரு பொதுக்கூட்டம். பேசியவர் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர். சுருக்கெழுத்துக்குச் சிரமமே இல்லை. திடீரென்று பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கை வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. வேறு யாருடைய கையோ என் மடியில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பேசியவரின் சொற்கள் காதில் விழுந்தன, புரிந்தன, ஆனால் எழுத முடியவில்லை. எழுந்து மெல்ல நடந்து பஸ் ஏறினேன். லஸ்ஸுக்கு டிக்கெட் கேட்க வாயைத் திறந்தேன். "ஒரு பென்சில்" என்றேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மறுபடியும், இன்னும் மரியாதையாக, "ஒரு பென்சில் குடுங்க" என்றேன். "இன்னா நைனா, சர்க்கார் கள்ளுக்கடைய மூடிட்டான், உனக்கு மட்டும் எங்கேர்ந்து கெடைக்குது? எங்களுக்கும் சொல்லேன்" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். லஸ் வருவதற்குள் கையும் நாக்கும் திரும்பிவிட்டன. இறங்கும்போது கண்டக்டரிடம் தெளிவாக, "எனக்கு உடம்பு சரியில்லை, தம்பி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அவரிடம் சொன்னதை அடுத்த பல நாட்கள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் மூளையின் ரத்தக் குழாய்களையே படம் எடுக்கிறாராம், போய்ப் பார்த்து எழுதும் என்று ஆசிரியர் என்னைத்தான் அனுப்பினார். டாக்டர் மயிலாப்பூர் மாட வீதியில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். இன்னும் சிலருக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் அச்சேற வேண்டும், ஆஸ்பத்திரி பெயரும் தன் பெயரும் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுப் பொறுமையாக விளக்கினார். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ரத்தக் குழாய் தெரியாது. ஆகவே கழுத்தில் துடிக்கும் குழாய்க்குள் ஒரு மருந்தைச் செலுத்தி, அது தலைக்குள் ஓடும் அந்தச் சில நொடிகளில் படம் எடுக்க வேண்டும். மருந்து போகும் வழியெல்லாம் வெள்ளைக் கோடாக விழும். நான் எழுதிக்கொண்டே, கவனமாகக் கேட்டேன்:

"கொஞ்ச நேரம் கை விழுந்து, பேச்சு குழறி, அப்புறம் தானாச் சரியாப் போனவருக்கும் இந்தப் படம் எடுப்பீங்களா, டாக்டர்?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான். வாசகர்கள் கேப்பாங்க."

"உங்க வாசகருக்கு எந்தக் கை விழுந்தது?"

"வலது."

"சரி. அந்தப் பென்சிலைக் கீழே வெச்சுட்டு, ரெண்டு கையையும் நேரா நீட்டி, கண்ணை மூடிக்கச் சொல்லுங்கோ, உங்க வாசகரை."

நீட்டினேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது என் வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அது இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. அவர் என் குறிப்புகளை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "உங்காத்துல பெரியவா யார் இருக்கா?" என்று கேட்டார். "நான்தான் பெரியவன். சின்னவன் சீமையில் இருக்கான்" என்றேன். உனக்கு ஒன்று சொல்கிறேன்: உன் உடம்பைப் பற்றிக் கேட்பதானால் உன் பெயரைச் சொல்லியே கேள். ஊருக்காகக் கேட்பதுபோல் கேட்டால் ஊருக்குப் பொதுவான பதில்தான் வரும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கெட்டிக்காரர், நான் தப்பித்தேன்.

அவர் எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. மூளையில் கட்டி இருந்தாலும் இப்படி ஆகலாம், குழாயில் அடைப்பு இருந்தாலும் ஆகலாம். வெளியிலிருந்து பார்த்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. கட்டியென்றால் திறந்து எடுக்க முயலலாம். அடைப்பென்றால், தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். படம் எடுப்பதிலும் ஆபத்து உண்டு. எந்தப் பக்கவாதத்துக்குப் பயப்படுகிறோமோ அதை ஊசியே கொண்டுவந்துவிடலாம். "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று அனுப்பினார். நான் அடையாறு பக்கம் நடந்து போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் தங்கள் தலையில் கட்டி இருக்கக் கூடாதே என்று வேண்டுவார்கள். நான் என் தலையில் கட்டி இருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ பக்கத்தில் ஒரு ஆள் இல்லை என்பதுதான் அன்றைக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து போய், படம் எடுக்கச் சம்மதம் என்று சொன்னேன். எடுக்காமல் இருந்தால் உயிர் பிழைத்துவிடுவேன் என்றாலும், தெரிந்துகொள்ளக் கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. இது தைரியமில்லை, தொழில் படுத்தும் பாடு.

பக்கத்து வீட்டு பிலோமினாவிடம் மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்கு எல்லோரும் சின்னப் பிள்ளைகள்தான். "தனியாப் போய்ப் படுத்துக்குவாராம், இவர் இன்னா மகாராஜாவா?" என்று திட்டிவிட்டு, நம் கோயில் பங்குச் சாமியாரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். சாகும் நேரத்தில் எண்ணெய் பூசி மந்திரிக்கும் அவஸ்தைப் பூசுதலை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. சாமியார் என் பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நன்மை அப்பம் கொடுத்தார். எண்ணெய்ச் சிமிழை எடுக்கவில்லை.

"அவஸ்தைப் பூசுதல் நோயில சாகக் கிடக்கிறவருக்கு. சண்டைக்குப் போற சிப்பாய்க்குக்கூடப் பூசுறதில்லை. உமக்கு ஆபத்து நோயிலிருந்து வருதா, ஊசியிலிருந்து வருதா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு நோய் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் சாமி, ஊசியே குத்துறாங்க."

"அப்போ படம் வந்ததும் பார்ப்போம்."

பிலோமினாவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "படம் எடுக்கிறப்பவே அண்ணன் போய்ட்டா இன்னா பண்ணுவீங்க? படத்துக்குப் பூசுவீங்களா?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்தும் அடக்கிக்கொண்டார். "உயிர் இருக்கிற வரைக்கும் பூசலாம் அம்மா. நான் இங்கேயே வராந்தாவில நிக்கிறேன்" என்றார். சொன்னபடி நின்றார். உட்கார நாற்காலிகூட இல்லை.

மேஜையில் படுக்கவைத்து, தோளுக்கடியில் தலையணை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்தார்கள். மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு டாக்டர் இரண்டு விரலால் என் கழுத்தின் இடப் பக்கத்தைத் தொட்டுத் துடிப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பெரிய ஊசி இறங்கும்போது வலியைவிட அழுத்தம்தான் தெரிந்தது. "இப்போ சூடா இருக்கும். என்ன ஆனாலும் அசையாதீங்கோ" என்றார். மருந்து ஏறியதும் பாதி முகத்தில் யாரோ கொதிக்கும் வெந்நீரைத் தோலுக்கு உள்பக்கமாக ஊற்றியதுபோல் இருந்தது. பல் ஈறு, கண், நெற்றி எல்லாம் எரிந்தன. இடது கண்ணுக்குள் ஒரு வெளிச்சம். உதவியாளர் தலைக்கடியிலிருந்து எக்ஸ்ரே தகட்டை இழுப்பது கேட்டது. பிறகு தலையைத் திருப்பிவைத்து மறுபடியும் ஒருமுறை. முதல்முறை என்ன வரும் என்று தெரியாமல் கிடந்தேன். இரண்டாம் முறை தெரிந்து கிடந்தேன். இரண்டாவதுதான் கஷ்டம். ஊசியை எடுத்துக் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என் விரலை அழுத்துங்கோ" என்றார். அழுத்தினேன். "உங்க பையன் பேர் என்ன?" என்றார். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று உனக்கு எழுத வரவில்லை. உன் பெயர் வந்தது. முழுதாக, பிசகில்லாமல் வந்தது. போதும் என்று அவர் சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

கழுவிய படத்தை ஈரத்தோடு கொண்டுவந்து ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். பத்திரிகைக்காரன் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். என் மண்டையோட்டை நானே பார்த்தேன். அதற்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள், கிளை பிரிந்து, மறுபடி பிரிந்து, மழை விட்டபின் மணலில் நீர் கீறிய தடங்கள்போல் இருந்தன. கட்டி இருந்தால் இந்தக் கோடுகள் ஒதுங்கி வளைந்திருக்கும், எதுவும் ஒதுங்கவில்லை என்றார். பிறகு கழுத்தில் பெரிய கோடு இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்தார். தடித்து வந்த கோடு அங்கே நூலாகி, அப்பால் மறுபடி தடித்தது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடையாறு ஒரு வாய்க்கால் அகலத்தில் கடலுக்குப் போகுமே, அதே காட்சி. "இங்கேதான்" என்றார். இந்த வழி அடைந்தால் பேச்சும் வலது கையும் போகும். சரிசெய்ய இன்றைக்கு ஒரு வழியும் கிடையாது. உப்பைக் குறை, சுருட்டை விடு, இரவு வேலை வேண்டாம். இவ்வளவுதான் மருந்து. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஈரப் படத்தைப் பார்த்தபோது, பஸ்ஸில் எல்லோரும் சிரித்த அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் குறையவில்லை. பயத்துக்கு ஓர் இடம் கிடைத்தது.

சில நாட்கள் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜட்கா வண்டிக்காரர். பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்தவர். பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: "ஓரம்". வழிவிடச் சொல்லித் தெருவில் ஆயுளெல்லாம் கத்திய சொல். தண்ணீர் கேட்டாலும் ஓரம், வலித்தாலும் ஓரம், கோபம் வந்தாலும் ஓரம். டாக்டர்களும் நர்சுகளும் அவரிடம் உரக்க, கையை ஆட்டி, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் மனைவி வந்தால் வார்டே மாறிவிடும்.

"இன்னாய்யா, கஞ்சி வேணாமா?"

"ஓரம், ஓரம்."

"கட்டில்ல ஏதுய்யா ஓரம்? உப்பு பத்தலையா?"

"ஓரம்!"

"கத்தாத. நேத்து உப்பு போட்டா அதுக்கும் கத்தின. உங்க அம்மாவா வந்து ஆக்கிப் போடப் போறா?"

அவர் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளுவார். அவள் திட்டிக்கொண்டே வேறு எதையாவது நீட்டுவாள். பாதி நேரம் அவள் ஊகம் தப்பு. தப்பாகும்போதெல்லாம் சண்டை. சண்டை முடியும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்திருக்கும். என்னைப் பார்த்து அவள் ஒருநாள் சொன்னாள்: "கல்யாணம் கட்னதுலேர்ந்து நான் பேசினா எந்திரிச்சிப் போய்டுவாரு, அண்ணாத்தே. இப்பத்தான் வகையா மாட்டிக்கினு கீறாரு."

படம் வந்த மறுநாள் சாமியார் எண்ணெயோடு வந்தார். இப்போது நோய் உறுதி, இனித் தடையில்லை. "படம் சாட்சி சொல்லிடுச்சு இல்ல, சாமி?" என்றாள் பிலோமினா. அவர் என் கண்ணில், காதில், மூக்கில் பூசி, உதட்டில் விரலை வைத்துப் பேச்சினால் செய்த பாவங்களுக்காக லத்தீனில் மன்னிப்புக் கேட்டார். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து பெரிய குரலில், "ஓரம்! ஓரம்!" சாமியார் திடுக்கிட்டு ஓர் அடி ஒதுங்கி நின்றுவிட்டார். "கம்முனு இருய்யா, சாமியார் மேலயா வண்டிய வுடுவ?" என்று வண்டிக்காரரின் மனைவி அவர் வாயைப் பொத்தப் போனாள். பிலோமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கழுத்தை அசைக்கக் கூடாது என்பதால் நான் வயிற்றுக்குள்ளேயே சிரித்தேன். அம்மா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான். வண்டிக்காரரும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். சாமியார் பக்கத்துக் கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு என் கையில் எண்ணெய் பூசினார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் சாமான்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்: அடுப்பு, கூஜா, நாற்காலி, குடை. டாக்டர் சொன்ன ஒன்று மனத்தில் உறுத்துகிறது. தப்பான சொல் வாயில் வரும்போது சிலருக்கு அது தப்பென்றே தெரியாதாம். நான் சரியாகச் சொன்னேனா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆகவே பால் வாங்கப் போகும் வழியில் பிலோமினா வீட்டு வாசலில் நின்று எதையாவது பேசுகிறேன். அவள் வழக்கம்போல் என்னைத் திட்டினால் நான் இன்னும் சரியாகத்தான் பேசுகிறேன் என்று திரும்பி வருகிறேன். இது அவளுக்குத் தெரியாது.

போன கடிதத்தில் எழுதியிருந்தாய், படிப்பு முடிந்ததும் அங்கேயே பாலம் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும், சில ஆண்டுகள் இருந்துவிட்டு வரலாமா என்று. 'உன் இஷ்டம்' என்று பதில் எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் இஷ்டம் என்று எழுதுகிற அப்பா ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிற அப்பாதான். என் இஷ்டம் இது. படிப்பைப் பாதியில் விடாதே. விட்டு வந்தால் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். முடித்த பிறகு அங்கே தங்காதே. நீ வரும்போது நான் பேசிக்கொண்டிருந்தால் நல்லது. பேச முடியாமல் இருந்தால், என்னிடம் உரக்கப் பேசாதே, காது கேட்கும். நான் எதையோ கேட்டு உனக்குப் புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதே. தப்பாக ஊகித்து, எனக்குக் கோபம் வரவைத்து, நீயும் கோபப்பட்டு, இந்த வீட்டில் சத்தம் கேட்கட்டும். உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல்தான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அப்பா